இருப்பில் இல்லாத மூன்று ஆண்டுகள்

சகாயராணிக்குக் கொடுக்க வேண்டிய மருந்து அதே கட்டடத்தில், அவளுடைய கட்டிலிலிருந்து நாற்பதடி தூரத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதைக் கொடுக்கலாம் என்று சொன்ன ஆய்வுக் கட்டுரை இரண்டு மாடிக்கு மேலே நூலகத்தின் சர்வரில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே பட்டியலில் ஒரு வரி தப்பாக இருந்தது. அந்த ஒரு வரியைத் திருத்துவதற்காக ஜுலைகா ஒன்றரை நாள் முட்டி மோதினாள்.

ஜுலைகாவுக்கு ஐம்பத்தொரு வயது. அந்தக் கடலோர மருத்துவக் கல்லூரி நூலகத்தில் இருபத்தாறு வருடமாக இதழ்ப் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. எந்த மின்னிதழ் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை தங்களிடம் இருக்கிறது என்பதை நாட்டிலுள்ள நானூற்றுச் சொச்சம் நூலகங்களும் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுப் பட்டியலில் பதிய வேண்டும். சொந்தக்காரர்கள் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "எது இருக்கு, எது இல்லன்னு எழுதுற வேலை" என்பாள். கேட்டவர்கள் அதற்குமேல் எதுவும் கேட்கமாட்டார்கள்.

2047ஆம் ஆண்டு, செவ்வாய்க்கிழமை காலை. டாக்டர் ஆரோன் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தான். இதே கல்லூரியில் படித்தவன். பரீட்சைக் காலத்தில் ஜுலைகாவின் மேசைக்கு எதிரிலேயே பாதி நாளைக் கழித்தவன்.

"மேடம், கடல்நச்சு மருத்துவம்னு ஒரு ஜர்னல். 2035ஆம் வருஷத்துது. நான் மூணாவது வருஷம் படிக்கும்போது இங்க உக்காந்துதான் வாசிச்சேன். நீலச்சொறி பட்ட பதினோரு பேரப் பத்தி ஒரு கட்டுரை. இருக்கா?"

"இருக்கே. ஏன்?"

"சான்றுப்பொறி இல்லங்குது."

கடல் சூடேறிய பிறகு வந்து சேர்ந்த சொறிமீன் வகை அது. கழுத்தளவுத் தண்ணீரில் நின்று பாசி எடுக்கிற பெண்களின் காலில்தான் அதிகம் படும். பட்டவுடன் பெரிய வலி எதுவும் இருக்காது. சில மணி நேரம் கழித்துக் கால் மரத்துப்போகும். மறுநாள் இடுப்பு. மூன்றாம் நாள் மூச்சு. சகாயராணிக்கு முந்தின நாள் காலையில் பட்டிருந்தது. அவளுக்கு முன்னால் அதே மாவட்டத்தில் நான்கு பேர் செத்துப்போயிருந்தார்கள்.

ஜுலைகா சர்வரைத் திறந்து கட்டுரையைத் திரையில் கொண்டுவந்தாள். ஆரோன் மேசையைத் தட்டினான். "இதேதான் மேடம்! வேற வியாதிக்குக் குடுக்குற பழைய மருந்துதான். பதினோரு பேர்ல ஒம்பது பேரு நடந்து போயிருக்காங்க. நம்ம பெட்டியிலயே அந்த மருந்து இருக்கு. பொறிகிட்ட கேட்டா, 'இந்த நோய்க்கு இந்த மருந்து பற்றிய சான்று இந்த மருத்துவமனையின் இருப்பில் இல்லை'ன்னு சொல்லுது. பெட்டி தொறக்கமாட்டேங்குது."

அவன் பின்னால் இன்னொருவன் வந்து நின்றிருந்தான். லுங்கியிலும் சட்டையிலும் கடல் உப்பு காய்ந்து வெளுத்திருந்தது. சகாயராணியின் கணவன் கென்னடி. டாக்டர் ஓடுவதைப் பார்த்துவிட்டு அவனும் பின்னாலேயே ஓடிவந்திருந்தான்.

"மருந்து கீழ இருக்குங்கறீங்க. அதப் பத்தி எழுதுனது இந்தா கண்ணு முன்னால இருக்கு. பெறகு என்ன டாக்டர் தடை?"

ஆரோன் ஜுலைகாவைப் பார்த்தான். விளக்குவது அவள் வேலை என்பதுபோல.

"உக்காருங்க தம்பி" என்றாள் ஜுலைகா. "பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு முன்னால கம்ப்யூட்டரே எழுதுன பொய்க் கட்டுரைங்க கொட்டிக் கெடந்துச்சு. நடக்காத ஆராய்ச்சி, பொறக்காத நோயாளி. அத நம்பி மருந்து குடுத்துப் பல பேரு செத்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் சட்டம் வந்துச்சு. நூலகம் முறையா வாங்கி, கூட்டுப் பட்டியல்ல பதிஞ்சு வச்சிருக்கிற இதழத்தான் பொறி வாசிக்கும். வாசிச்சதுல சான்று இருந்தாத்தான் மருந்துப் பெட்டி தொறக்கும்."

"நீங்க முறையா வாங்கலயா?"

"வாங்கினோம்."

"அப்பப் பதியலயா?"

"பதிஞ்சேன். என் கையால பதிஞ்சேன்."

கூட்டுப் பட்டியலைத் திறந்து தங்கள் கல்லூரியின் பதிவைத் தேடினாள். 'வெப்பக்கடல் நச்சியல்' என்ற பழைய பெயரில்: 2031 முதல் 2033 வரை. 2034இல் இதழின் பெயர் 'கடல்நச்சு மருத்துவம்' என்று மாறியது. அந்தப் பெயரில்: 2040 முதல் இன்றுவரை. 2031 முதல் 2036 வரைக்கும் கல்லூரி நிரந்தர உரிமையோடு வாங்கியிருந்தது; அடுத்த மூன்று ஆண்டு வாங்கவில்லை, 2040இல்தான் மறுபடி தொடங்கியது. ஆனால் பதிப்பகம் கைமாறியபோது புதிய முதலாளிகள் அனுப்பிய பட்டியலில் பெயர் மாறிய மூன்று ஆண்டுகள் விழுந்துபோயிருந்தன. இதழை விற்பவர்கள் அனுப்பும் அந்த வழங்குநர் பட்டியல் தினமும் மதியம் ஒரு மணிக்கு வந்து எல்லா நூலகப் பதிவுகளின் மேலும் தன்னை எழுதிக்கொள்ளும். அவள் எழுதியது எப்போது அழிந்தது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவட்டா?" என்றான் கென்னடி.

"எல்லா ஆஸ்பத்திரியும் இதே பட்டியலத்தான் பாக்குது. மருந்துக்கடையும் அப்படித்தான்" என்றான் ஆரோன்.

ஜுலைகா அங்கேயே உட்கார்ந்து பதிவைத் திருத்தினாள். 2034 முதல் 2036 வரை. உரிமை: நிரந்தரம். ஐந்து நிமிட வேலை. பட்டியல் ஏற்றுக்கொண்டது. "ஒரு மணி நேரத்துல பொறி படிச்சிரும். போய்ப் பாருங்க" என்று இருவரையும் அனுப்பிவைத்தாள்.

பொறி பட்டியலைப் படித்துவிட்டு, 'புதிய பதிவு, சரிபார்ப்பில் உள்ளது' என்று காத்திருந்தது. சரிபார்ப்பு முடிவதற்குள் மணி ஒன்றாகிவிட்டது. வழங்குநர் பட்டியல் வந்தது. மூன்று ஆண்டுகளும் மறுபடி காணாமல் போயின.

ஜுலைகா மறுபடி பதிந்தாள். இந்த முறை பட்டியல் அதை உடனே திருப்பி அனுப்பியது: 'வழங்குநர் பட்டியலுடன் முரண்படுகிறது. இரண்டாம் முயற்சி. காரணம் தருக.' காரணம் எழுதினாள். 'ஆவணம் தருக.' பீரோவைத் திறந்து, நான்கு கோப்புகளைக் கீழே தள்ளி, 2031ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து அனுப்பினாள். 'ஒப்பந்தத்தில் குறிப்பிட்டுள்ள பதிப்பகம் தற்போது இயங்கவில்லை.' உதவி எண்ணைக் கூப்பிட்டால் இனிமையான ஒரு குரல், "உங்கள் கோரிக்கை பெறப்பட்டுள்ளது" என்று சொல்லி வைத்துவிடும். அன்று அவள் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. மாலையில் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தபோது சகாயராணிக்கு இடுப்புவரை உணர்வில்லை. அவள் ஜுலைகாவைப் பார்த்து, "நீங்கதான் அந்தப் பொஸ்தகக்காரக்காவா?" என்று கேட்டாள். குரல் தெளிவாக இருந்தது. அதுதான் ஜுலைகாவுக்குத் தாங்கவில்லை.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு, பதினேழாவது அழைப்பில், சென்னைத் தலைமையகத்தில் ஒரு மனிதர் கிடைத்தார். பெயர் கோதண்டபாணி. பட்டியலின் தர அதிகாரி.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது மேடம்" என்றார்.

"புரிஞ்சா சேத்துடுங்க சார். ஒரு உயிரு."

"வழங்குநர் பட்டியல மீறி மின்னிதழ் இருப்பச் சேக்கணும்னா, அதே இருப்பு உள்ள வேற ரெண்டு நூலகம் உறுதிப்படுத்தணும். அவங்க பதிவுல அந்த வருஷங்கள் இருக்கணும்."

"எல்லாருக்கும் அதே வழங்குநர் பட்டியல்தானே சார் போவுது? எல்லார் பதிவுலயும் அதே மூணு வருஷம்தானே அழிஞ்சு கெடக்கும்? எவன் எப்படி உறுதிப்படுத்துவான்?"

"புரியுது மேடம். ஆனா விதிய மாத்துற அதிகாரம் எனக்கில்ல." கொஞ்சம் தயங்கினார். "அந்த ரெண்டு நூலக விதி… 2038 குழுவுல வந்தது. குறிப்பேட்ட இப்பத்தான் தொறந்து பாத்தேன். முன்மொழிஞ்சது நீங்கதான்னு இருக்கு."

உண்மைதான். அப்போது உள்மாவட்ட ஊர் ஒன்றிலிருந்த ஒரு மருத்துவமனை, உலகத்திலேயே இல்லாத மூன்று இதழ்களைத் தன் இருப்பாகப் பதிந்து, ஒரு காய்ச்சல் மருந்துக்குச் சான்று காட்டியது. பதினெட்டுப் பிள்ளைகளுக்குக் காது போனது. விசாரணைக் குழுவோடு போய் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தவள் அவள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளைகள். ஒரு நூலகத்தின் சொல்லை மட்டும் நம்பி எதையும் சேர்க்கக் கூடாது என்று குழுவில் மேசையைத் தட்டிப் பேசியவளும் அவள்தான். இப்போது யாரிடம் போய்க் கத்துவது?

பதினோரு மணிக்கு ஆரோன் போன் செய்தான். "மேடம், மூச்சு குறைய ஆரம்பிச்சிருச்சு. செயற்கை சுவாசம் வைக்கப்போறேன். அதுக்கப்புறம் நரம்பு எவ்வளவு திரும்பும்னு சொல்லவே முடியாது."

ஜுலைகா எழுந்து அறைக்குள்ளேயே நடந்தாள். பிறகு உட்கார்ந்து விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். எழுதியவளே வாசிப்பது போலல்ல, திருடப் போகிறவள் வாசிப்பது போல வாசித்தாள். மின்னிதழுக்கு நாற்பத்திரண்டு விதிகள். அச்சிதழுக்கு ஒரே ஒரு விதி. வழங்குநர் பட்டியல் கிடையாது. அலமாரியில் இருக்கிறதா என்பதற்கு நூலகரின் கையொப்பமே சான்று. பக்கங்களைப் படமெடுத்துக் கையொப்பமிட்டால் பொறி அப்போதே வாசிக்கும். இதழ்கள் தாளில் வருவது நின்று எத்தனையோ வருடமாகிவிட்டதால், அன்றைக்குக் குழுவில் யாருக்கும் இதைப் பற்றி நினைப்பே வரவில்லை. அவளுக்கும்தான்.

பென் டிரைவை எடுத்துக்கொண்டு கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். 2035ஆம் ஆண்டின் நான்கு இதழ்கள், நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அந்த ஒரு கட்டுரையை மட்டும் எடுத்தால் போதாதா என்று ஆரோன் போனில் கத்தினான். "முழு ஆண்டா இருக்கணும். சொல்ற பொய்யாவது சுத்தமா இருக்கட்டும்" என்றாள். கடைக்காரர் ஸ்பைரல் போடுவதா, காலிகோ அட்டை போடுவதா என்று கேட்டார். எது சீக்கிரம் என்று கேட்டாள். ஸ்பைரல் என்றார்.

திரும்பி வந்து, அச்சிதழ்ப் பக்கத்தில் 'கட்டுத்தொகுதி 1, 2035' என்று பதிந்தாள். அலமாரி எண் கேட்டது. வெறுமையாக இருந்த ஒரு அலமாரியில் அந்த ஸ்பைரல் புத்தகத்தை நிறுத்திவிட்டு அதன் எண்ணைக் கொடுத்து, பக்கங்களின் படங்களையும் ஏற்றினாள். கடைசியில் ஓர் உறுதிமொழி வந்தது: 'இத்தொகுதி பதிப்பகத்தாரால் அச்சு வடிவில் வெளியிடப்பட்டது என உறுதியளிக்கிறேன்.' அந்த இதழ் ஒருநாளும் தாளில் வந்ததில்லை. பொய்யென்று தெரிந்தால் அவள் கையொப்பம் செல்லாததாகும். அதாவது வேலை போகும். ஜுலைகா விரலை வைத்தாள்.

மதியம் இரண்டே முக்காலுக்கு மருந்துப் பெட்டி திறந்தது.

சகாயராணி பிழைத்தாள். நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். ஆறாம் நாள் கஞ்சி குடித்தாள். வலது காலுக்கு உணர்வு திரும்பியது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே திரும்பவில்லை.

"செவ்வாய்க்கிழமையே போட்டிருந்தா?" என்று ஜுலைகா ஆரோனிடம் கேட்டாள்.

"கேக்காதீங்க மேடம்."

வீட்டுக்குப் போகிற அன்று கென்னடி நூலகத்துக்கு ஏறி வந்தான். கையில் ஒரு பை மீன். கொடுத்துவிட்டு நின்றான். "அந்தப் பொஸ்தகத்தப் பாக்கலாமாக்கா?" என்றான். ஜுலைகா எடுத்துக் காட்டினாள். அவன் புரட்டவில்லை. அட்டையை மட்டும் தடவிப் பார்த்தான்.

"எதுத்த கடையில அடிச்சதா?"

"ஆமா."

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

"முக்கா மணி நேரம்."

கென்னடி தலையை ஆட்டினான். கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவன்போலக் கேட்டான்: "அப்ப மொத நாளே அடிச்சிருக்கலாமேக்கா? அவ இனிமே தண்ணியில எறங்க முடியாதே."

ஜுலைகா புத்தகத்தைத் திரும்ப அலமாரியில் நிறுத்தினாள். மொத நாள் எனக்குப் பொய் சொல்லத் தோணல தம்பி என்று சொல்லியிருக்கலாம். அது அவன் மனைவியின் காலுக்கு எந்த வகையில் பதில்?

தலைமையகத்திலிருந்து அழைப்பு வரும் என்று தினமும் எதிர்பார்த்தாள். மூன்றாவது வாரம் வந்தது. கோதண்டபாணிதான்.

"மேடம், உங்க கட்டுத்தொகுதி பத்தி எங்க தணிக்கை மென்பொருள் ஒரு சந்தேகக் குறிப்பு குடுத்திருந்தது. அப்படி ஒரு அச்சுப் பதிப்பு வந்ததுக்குத் தடயமே இல்லன்னு."

"சார், நானே சொல்லிடறேன்…"

"இருங்க. நான் தொறந்து பாக்குறதுக்குள்ள இன்னும் பதினோரு நூலகம் அதே தொகுதியத் தங்ககிட்ட இருக்குறதாப் பதிஞ்சிருக்கு. 2034, 36 கூட இருக்கு. எல்லாம் கடலோர ஊருங்க." அவர் குரல் தாழ்ந்தது. "சந்தேகம் வந்த பதிவ வேற ரெண்டு நூலகம் உறுதிப்படுத்தினாப் போதும்னு விதி. உங்களுக்குப் பதினொண்ணு. அது உறுதியான பதிவு மேடம். நான் உங்ககிட்ட கேக்குறதுக்கு ஒண்ணுமில்ல."

போனை வைத்தபிறகு ஜுலைகா அந்தப் பதினோரு பெயர்களையும் பார்த்தாள். பாதிப் பேரைக் கருத்தரங்குகளில் சந்தித்திருக்கிறாள். அந்த இதழ் தாளில் வந்ததே இல்லை என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய பதிவைக் கண்டதும் விஷயம் புரிந்து, ஆளுக்கொரு ஜெராக்ஸ் கடையைத் தேடிப் போயிருக்கிறார்கள். முதலில் அவளுக்கு நெஞ்சு விம்மியது. வெகுநாள் கழித்து அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

அந்தச் சந்தோஷம் ஒன்பது நாள் நீடித்தது. பத்தாம் நாள், பட்டியலில் புதிதாகச் சேர்ந்தவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் அச்சிதழ் கண்ணில் பட்டது. 'குழந்தை நரம்பியல் முன்னேற்றங்கள்', கட்டுத்தொகுதி 1. பதிந்தது ஒரு தனியார் மருத்துவமனையின் நூலகம். உறுதிப்படுத்தியவை அதே நிறுவனத்தின் வேறு இரண்டு ஊர்க் கிளைகள். ஜுலைகா இருபத்தாறு வருடமாக இதழ்ப் பெயர்களோடே வாழ்ந்தவள். அப்படி ஓர் இதழ் மின்வடிவிலும் வந்ததில்லை, தாளிலும் வந்ததில்லை. மறுநாள் அதேபோல இன்னும் நான்கு. யாரோ அவள் போன வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வழியைத் திறந்து வைத்தது அவள்.

அன்றே உட்கார்ந்து எழுதினாள். 'கடல்நச்சு மருத்துவம், கட்டுத்தொகுதி 2035 என்னும் என் பதிவு பொய். அப்படி ஓர் அச்சுப் பதிப்பு வெளிவரவில்லை. எங்களிடம் இருப்பது மின்னிதழ் மட்டுமே, ஒப்பந்தம் இணைக்கப்பட்டுள்ளது. மின்னிதழ் இருப்பை உடனே சேர்த்துவிட்டு, என் அச்சுப் பதிவையும், அச்சிதழ் விதியையும் நீக்கக் கோருகிறேன். கையொப்பத்தைத் திரும்ப ஒப்படைக்கிறேன்.' மூன்று தடவை படித்துப் பார்த்து அனுப்பினாள்.

நான்கு நொடியில் பதில் வந்தது.

'தாங்கள் குறிப்பிட்ட பதிவு உறுதியானது. ஒரு நூலகத்தின் கூற்றை மட்டும் கொண்டு உறுதியான பதிவை நீக்க இயலாது. அதே இருப்புள்ள வேறு இரண்டு நூலகங்கள் நீக்கத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மின்னிதழ் இருப்பு குறித்த தங்கள் கோரிக்கை வழங்குநர் பட்டியலுடன் முரண்படுகிறது.'

கோதண்டபாணியைக் கூப்பிட்டாள். "புரியுது மேடம்" என்றார் அவர். இந்த முறை அவர் குரலிலும் எரிச்சல் இருந்தது. "நானும் மேல எழுதியிருக்கேன். குழு கூடணுமாம். குழு கூடுறதுக்கு ஆறு மாசம். அதுவரைக்கும் யாராவது ரெண்டு பேர ஒத்துக்க வைங்க, நான் உடனே தூக்கிடறேன்."

ஜுலைகா பதினோரு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். சிலர் எடுக்கவில்லை. சிலர் கேட்டுவிட்டு, பார்க்கலாம் என்றார்கள். வடக்கே ஒரு கடலோரக் கல்லூரியில் திலகா என்று ஒருத்தி இருந்தாள். நேர்மைக்குப் பேர் போனவள். அவளிடம் ஜுலைகா எல்லாவற்றையும் சொன்னாள். பொய் இதழ்கள் சேர்ந்துகொண்டிருப்பதை, அந்தப் பதினெட்டுப் பிள்ளைகளை, தான் கையொப்பத்தை விட்டுவிடத் தயாராக இருப்பதை. திலகா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீங்க சொல்றது அத்தனையும் சரி மேடம். நானும் அந்தப் புதுப் பதிவெல்லாம் பாத்தேன். பயமாத்தான் இருக்கு."

"அப்ப ஒத்துக்கறீங்களா?"

மறுமுனையில் யாரோ படியேறி வரும் சத்தம் கேட்டது. திலகா போனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ, "அலமாரி ஏழுல இருக்கு டாக்டர், எடுத்துக்குங்க" என்றாள். பிறகு திரும்பவும் போனுக்கு வந்தாள்.

"ரெண்டு பொம்பளைங்க வந்திருக்காங்க மேடம், இன்னைக்குக் காலையில பட்டிருக்கு. ஒருத்தி முழுகாம வேற இருக்கா." அவள் மெதுவாகத்தான் பேசினாள். "அடுத்த வாரம் கேளுங்களேன்."

ஜுலைகாவின் திரையில் 'நீக்கக் கோரிக்கை: 0/2 ஒப்புதல்' என்று இருந்தது. அதற்கு மேலே அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த கட்டுத்தொகுதிகளின் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவளுக்கு யார்மீதாவது கத்த வேண்டும்போல இருந்தது.

"சரி திலகா" என்றாள். "அடுத்த வாரம் கேக்குறேன்."